கழுத்துக் கட்டியும் ஊசிச் சோதனையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. உலையிற் கொதிக்கும் அரிசி வெந்துவிட்டதா என்பதை அறியப் பானை முழுவதையும் கவிழ்த்துப் பார்ப்பார் எவருமில்லர். அகப்பையால் ஓரிரு பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் அதுவே போதும். இந்த முறை பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பானையிலுள்ள அரிசி அனைத்தும் ஒரே வகையினது. ஒரே நீரில், ஒரே தீயில், ஒரே நேரம் கொதித்தது. புதிய அரிசியும் பழைய அரிசியும் கலந்து போட்ட பானையில், ஒரு பருக்கை மற்றப் பருக்கைகளுக்குச் சாட்சி சொல்லமாட்டாது.

மருத்துவத் துறையிலும் இத்தகைய பதம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கழுத்தின் முன்புறத்திலே தோன்றும் கட்டி புற்றுநோயா, அன்றா என்பதை அறிவதற்கு, நுண்ணிய ஊசியொன்றை அதனுட் செலுத்திச் சில கலங்களை உறிஞ்சி எடுத்து, அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்வதே அம்முறையாகும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனையின் விடையைக் கொண்டே ஒருவருடைய கழுத்திற் கத்தி படவேண்டுமா, வேண்டாமா என்பது பெரும்பாலும் முடிவு செய்யப்படுகின்றது. ஆதலால் அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி, மருத்துவருக்கு மாத்திரமன்றி நோயாளிக்கும் உரிய கேள்வியாகும்.

தைரொயிட்டுச் சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கத்தைத் தழுவிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருக்கின்றது. வளர்ந்தோரில் இதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். உணவிலுள்ள அயடீனைக் கொண்டு இச்சுரப்பி ஆக்கும் ஓமோன், உடலின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் ஒழுங்குபடுத்துகின்றது. அயடீன் போதாதவிடத்துச் சுரப்பி பருத்துக் கழலையாகின்றது. இலங்கையிலே இக்குறையைப் போக்கும் பொருட்டு, 1995ஆம் ஆண்டிலே உப்புடன் அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது.

சுரப்பி முழுவதும் பருப்பது ஒன்று. அதனுள்ளே தனித்தோ பலவாகவோ கட்டிகள் முளைப்பது மற்றொன்று. இக்கட்டிகள் மிகச் சாதாரணமானவை. கையாற் தடவி உணரக்கூடிய கட்டிகள் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் இருக்கின்றன. செவிக்கெட்டாத ஒலியலைகளைக் கொண்டு எடுக்கப்படும் ஸ்கான் படத்திலோ, வயது முதிர்ந்தவர்களிற் பாதிப்பேரளவில் ஏதேனும் ஒரு சிறு கட்டியைக் காணலாம். ஆண்களைவிடப் பெண்களிடத்தே இவை மிகுதி. ஆனால் ஆராய்ந்து பார்க்கப்படும் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து வரையானவையே புற்றுநோயாக முடிகின்றன. எஞ்சியவை எவ்விதத் தீங்கும் செய்யாது, உடையவரின் ஆயுட்காலம் முழுவதும் இருந்தவாறே இருந்துவிடக் கூடியவை.

சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. தீங்கில்லாத பலவற்றினிடையே தீங்குடைய சில கலந்து கிடக்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஊசிச் சோதனை பரவாத காலத்தில், ஐயத்துக்கிடமான கட்டியென்றால் அதனை வெட்டியெடுத்துப் பார்ப்பதே பெருவழக்காக இருந்தது. அவ்வாறு வெட்டப்பட்டோரிற் பெரும்பாலோர் புற்றுநோய் இல்லாதவர்களே. தைரொயிட்டுச் சத்திரசிகிச்சை கைதேர்ந்தவரிடத்தே அபாயம் குறைந்ததுதான். எனினும் அபாயமே அற்றதன்று. குரல்நாண்களை இயக்கும் நரம்பு இச்சுரப்பியை ஒட்டியே செல்கின்றது. அதற்கு ஊறு நேர்ந்தாற் குரல் கம்மிவிடும். குருதியிலுள்ள கல்சியத்தின் அளவைப் பேணும் நான்கு சிறு சுரப்பிகளும் அதன் பின்புறத்திலே ஒட்டிக் கிடக்கின்றன. அவை பழுதுற்றாற் கைகால்கள் மரத்து இழுக்கும். தைரொயிட்டுச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்து வாழும் ஓர் ஆசிரியை, புற்றுநோயே இல்லாத ஒரு கட்டிக்காகத் தம் குரலை இழப்பாராயின், அந்நட்டத்தை எதனைக் கொண்டு ஈடு செய்வது?

ஊசியாற் கட்டியைச் சோதிக்கும் முறையை முறையாகக் கையாண்டு எழுதியவர்களுள் முன்னோடிகள், நியூயோர்க் நகரத்து மெமோரியல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹேய்ஸ் மார்ட்டின் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் எட்வர்ட் எல்லிஸ் என்பவரும் ஆவர். அவர்களுடைய கட்டுரை 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் கையாண்ட ஊசி ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடையது. கட்டியை ஊசியாற் குத்தினாற் புற்றுநோய்க் கலங்கள் ஊசி சென்ற வழியே சிந்திப் பரவிவிடும் என்ற அச்சம் மருத்துவர் பலரைப் பற்றியிருந்தமையால், அமெரிக்காவில் இம்முறை வேரூன்றவில்லை.

அதனை வளர்த்தெடுத்த பெருமை சுவீடனுக்கு உரியது. 1952ஆம் ஆண்டிலே நில்ஸ் சோடர்ஸ்ட்ரோம் என்னும் மருத்துவர் கழலைகளை ஊசியாற் சோதிப்பது பற்றி எழுதினார். ஸ்டொக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா வைத்தியசாலையிலே ஃபிரான்ஸேன், சாயிசெக், லோவ்ஹாகன் ஆகியோர் அதனைச் செம்மைப்படுத்தினர். அவர்கள் செய்த மாற்றம் எளியது. ஆனால் பெரும்பயன் விளைத்தது. தடித்த ஊசியை நீக்கி, அரை மில்லிமீற்றர் அளவான மெல்லிய ஊசியைக் கைக்கொண்டனர். அத்துணை மெல்லிய ஊசியாற் குருதிப்பெருக்கும் குறைந்தது; கலங்கள் சிந்திப் பரவும் என்ற அச்சமும் அனுபவத்தாற் பெரும்பாலும் நீங்கியது. எழுபதுகளின் பிற்பகுதியில் இம்முறை மீண்டும் அமெரிக்காவைச் சென்றடைந்தது.

அதன் விளைவை மினசோட்டா மாநிலத்து மேயோ கிளினிக் என்னும் புகழ்பெற்ற மருத்துவ நிலையத்தார் 1982ஆம் ஆண்டிற் கணக்கிட்டு வெளியிட்டனர். ஊசிச் சோதனைக்கு முன்னர், கட்டியோடு வந்தோரில் நூற்றுக்கு 67 பேர் சத்திரசிகிச்சைக்கு ஆளாயினர். பின்னர் அத்தொகை 43 ஆகக் குறைந்தது. வெட்டப்பட்டோரிற் புற்றுநோய் உடையவராகக் காணப்பட்டோர் முன்னர் நூற்றுக்கு 14 பேர். பின்னர் 29 பேர். கத்தி தொட்டோரின் தொகை குறைந்தது. தொடவேண்டியவரைத் தொட்டது மிகுந்தது. இவ்விரண்டு எண்களிலேயே இச்சோதனையின் பயன் அடங்கியுள்ளது.

சோதனை நடைபெறும் விதத்தை அறிந்தால் அதன் வன்மையும் மென்மையும் தாமே விளங்கும். நோயாளி தலையைச் சற்றுப் பின்னே சாய்த்துப் படுத்திருப்பார். மருத்துவர் ஸ்கான் திரையிலே ஊசிமுனையைப் பார்த்தவண்ணம் அதனைக் கட்டியினுட் செலுத்தி, முன்னும் பின்னும் விரைவாக அசைப்பார். சில கலங்கள் ஊசித் துளையினுள்ளே புகும். அவற்றைக் கண்ணாடித் தகட்டிலே பரப்பிச் சாயமேற்றி ஆராய்வர். ஒரு கட்டியின் வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று முறையேனும் குத்தி எடுப்பது வழக்கம். ஊசி போடுவதை ஒத்த சிறு நோவும், சிலவேளை ஒரு சிறு கன்றலும் அன்றி வேறு துன்பம் பெரும்பாலும் இல்லை.

கண்ணாடித் தகட்டிலே கலங்கள் போதிய அளவு இருத்தல் வேண்டும். பத்துக் கலங்களேனும் கொண்ட கூட்டங்கள் ஆறாவது காணப்பட்டாலன்றித் தகட்டைப் போதியதெனக் கொள்ளலாகாது என்பது பொது விதி. குருதியும் நீருமே வந்து கலங்கள் வாராவிடின், அச்சோதனை ஒன்றும் சொல்லவில்லை என்றே கொள்ளவேண்டும். இதனைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். ‘புற்றுநோய்க் கலம் காணப்படவில்லை’ என்பதும் ‘பார்ப்பதற்குக் கலமே கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னது விடை, பின்னது விடையின்மை.

நோயியல் நிபுணர் தாம் கண்டதை எழுதும் முறையிலும் முன்னர் ஒற்றுமை இருக்கவில்லை. ஒருவர் ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதியதை மற்றொருவர் ‘தெளிவில்லை’ என்று எழுதினார். படித்த சத்திரசிகிச்சை நிபுணர் தடுமாறினார். இதனை நீக்கும்பொருட்டு 2007ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் நிபுணர்கள் கூடி, எல்லா விடைகளையும் ஆறு வகுப்புக்குள் அடக்கினர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பின்படி, ஒவ்வொரு வகுப்பிலும் புற்றுநோய் இருக்கக்கூடிய அளவு வருமாறு: கலங்கள் போதாத முதலாம் வகுப்பில் நூற்றுக்கு 13, தீங்கில்லாதது என்னும் இரண்டாம் வகுப்பில் 4, தெளிவற்ற மாற்றம் என்னும் மூன்றாம் வகுப்பில் 22, பொலிக்குலர் வகைக் கட்டி என்னும் நான்காம் வகுப்பில் 30, புற்றுநோயென ஐயுறத்தக்க ஐந்தாம் வகுப்பில் 74, புற்றுநோய் என்னும் ஆறாம் வகுப்பில் 97. இவை சராசரி எண்கள். இடத்துக்கிடம் கூடியும் குறைந்தும் வரும்.

இவ்வெண்கள் கூறும் செய்தி தெளிவானது. ஊசிச் சோதனை ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களால் மறுமொழி கூறுவதில்லை. இரு முனைகளில் அதன் பேச்சு மிக உறுதியானது. இடையிலே அது தயங்குகின்றது. முனைகளில் அது சொல்வதை ஏற்காமல் விடுவதும், இடையிலே அது சொல்வதை உறுதியென்று கொள்வதும் ஒத்த தவறுகளே.

அது தயங்குவதற்குக் காரணம் கட்டியின் இயல்பிலேயே உள்ளது. தைரொயிட்டுப் புற்றுநோய்களிற் பத்துக்கு எட்டளவில் பப்பிலரி வகையைச் சேர்ந்தவை. அவ்வகையிற் கலத்தின் கருவே குற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கரு பெருத்து வெளிறித் தோன்றும். காப்பிக்கொட்டையிற் காண்பது போன்ற நெடும்பிளவு அதன்மீது ஓடும். ஆதலால் ஒருசில கலங்களைக் கண்டே அனுபவமுள்ள நிபுணர் நோயை உறுதி செய்துவிடுவார். பொலிக்குலர் வகையோ இதற்கு மாறானது. அவ்வகையில் தீங்குடைய கட்டியின் கலமும் தீங்கில்லாத கட்டியின் கலமும் ஒரே சாயலின. கட்டியைச் சூழ்ந்துள்ள உறையை ஊடறுத்துக் கலங்கள் வெளியேறியுள்ளனவா, குருதிக் குழாய்களிற் புகுந்துள்ளனவா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. வேலியைத் தாண்டியதா இல்லையா என்பதை அறிய வேலியைப் பார்க்கவேண்டும். தோட்டத்தினுள்ளே நிற்கும் ஓர் ஆட்டைப் பிடித்து வந்து பார்ப்பதனால் அது விளங்காது. கட்டியை முழுதாக எடுத்து, அதன் உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்த்தாலன்றி இவ்வகையில் முடிவு கூறுதல் இயலாது. இது ஊசியைப் பிடித்தவரின் குறையுமன்று, நுணுக்குக்காட்டியிற் பார்த்தவரின் குறையுமன்று. முறைக்கே உரிய எல்லையாகும்.

இனி, சோதனையின் நம்பகத்தை எண்களிற் பார்க்கலாம். 1993ஆம் ஆண்டில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கரீப், கோல்னர் என்போர் ஏழு நிலையங்களின் கணக்கைத் தொகுத்து, 18,183 ஊசிச் சோதனைகளை மதிப்பிட்டனர். புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 83 பேரைச் சோதனை கண்டுபிடித்தது. புற்றுநோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 92 பேரை இல்லாதவரென்றே கூறியது. இவை சராசரிகள். கண்டுபிடிக்கும் ஆற்றல் ஒரு நிலையத்தில் 65 ஆகவும் மற்றொரு நிலையத்தில் 98 ஆகவும் இருந்தது. சோதனை ஒன்றே, குத்திய கையும் பார்த்த கண்ணும் வேறு.

இவ்வெண்களை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். கட்டியுடையோர் 1,000 பேர் வருகின்றனர் என்றும், அவர்களுள் 100 பேருக்குப் புற்றுநோய் உண்டென்றும் வைத்துக்கொள்ளலாம். ஊசி அந்த 100 பேரில் 83 பேரைக் காட்டிக்கொடுக்கும். 17 பேரைத் தவறவிடும். மற்ற 900 பேரில் 828 பேரை விடுவிக்கும். 72 பேர்மீது வீணாக ஐயுறும். ஆகவே ஐயத்துக்குள்ளான 155 பேரிற் புற்றுநோய் உள்ளோர் 83 பேர். பாதிக்குச் சற்று மேல். வீணாக ஐயுறப்பட்டோருட் பெரும்பாலோர் ‘புற்றுநோய்’ என்ற உறுதியான விடை பெற்றவரல்லர். இடைப்பட்ட வகுப்புகளில் விழுந்தவரே. மறுபுறத்தில், ‘இல்லை’ என்ற விடை பெற்ற 845 பேருள் நோயை உடலிற் கொண்டு வீடு திரும்புவோர் 17 பேர். அதாவது நூற்றுக்கு இருவர். ‘இல்லை’ என்ற சொல்லிலே நூற்றுக்கு 98 பங்கு ஆறுதலும் இரண்டு பங்கு விழிப்பும் கலந்திருக்கின்றன.

அந்த 17 பேரைத் தவறவிடுவதற்குக் காரணங்கள் பல. கட்டி மிகச் சிறியதாயின் ஊசிமுனை அதனைத் தவறிவிடலாம். கட்டி மிகப் பெரியதாயின் ஒரு மூலையிலுள்ள புற்றுநோய் ஊசிக்கு அகப்படாது போகலாம். நீர்கோத்த கட்டியில் நீர் மட்டும் வந்து, சுவரிலிருக்கும் தீய கலங்கள் வாராதிருக்கலாம். கட்டிகள் பல இருக்குமிடத்து, குத்தப்பட்டது தீங்கில்லாததாகவும் குத்தப்படாதது தீங்குடையதாகவும் அமையலாம். ஸ்கான் படத்தின் துணைகொண்டு குத்துவது பரவிய பின்னர் இத்தவறுகள் குறைந்துள்ளன. எந்தக் கட்டியைக் குத்தவேண்டும் என்பதையும் அப்படமே காட்டுகின்றது. ஓரங்கள் ஒழுங்கற்றவை, சுண்ணாம்புப் புள்ளிகள் தூவியவை, அகலத்தை விட உயரம் மிகுந்தவை ஆகிய கட்டிகளே முதலிற் குத்தற்பாலன.

இன்னுமொன்றையும் மறத்தலாகாது. ‘தீங்கில்லாதது’ என்ற விடை பெற்றோரிற் பெரும்பாலோர் வெட்டப்படுவதில்லை. வெட்டப்படாத கட்டியினுள்ளே உண்மையில் என்ன இருந்தது என்பதை எவரும் கண்டதில்லை. ஆகவே ஊசி செய்த பிழைகளின் கணக்கு, பின்னர் வெட்டிப் பார்க்கப்பட்டோரையும் பல்லாண்டு கவனிக்கப்பட்டோரையும் கொண்டே போடப்படுகின்றது. நல்ல சோதனை என்ற நம்பிக்கை உறுதிப்பட்டது, விடுவிக்கப்பட்டோர் ஆண்டுகள் பல கழிந்த பின்னும் நலமாகவே இருக்கின்றனர் என்ற அனுபவத்தினாலேயே.

இடைப்பட்ட வகுப்புகளிலே தயங்குவோர்க்கு இன்று வழிகள் சில உண்டு. சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யலாம். தகடுகளை வேறொரு நிபுணருக்குக் காட்டலாம். சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் அகற்றி உறையை ஆராயலாம். ஊசியில் வந்த கலங்களின் பரம்பரை அலகுகளை ஆராயும் முறையும் வந்துள்ளது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தெளிவற்ற விடை பெற்ற 265 கட்டிகளிற் புற்றுநோயாக இருந்தவை 85. அவற்றுள் 78ஐ இம்முறை சரியாகச் சுட்டியது. ஆனால் தீங்கில்லாதவற்றை விடுவிக்கும் ஆற்றல் நூற்றுக்கு 52 ஆகவே இருந்தது. செலவும் மிகுதி. ஆதலால் அது எல்லா நாட்டினருக்கும் எட்டக்கூடியதாக இன்னும் இல்லை.

ஊசியின் குறைகளைப் போலவே அதன் திறமையும் தொல்லை தருவதுண்டு. தென் கொரியாவிலே நலமாயிருப்போர்க்கும் கழுத்து ஸ்கான் எடுப்பது பெருகிற்று. கண்ட சிறு கட்டிகள் குத்தப்பட்டன. குத்தப்பட்டவற்றிற் புற்றுநோய்கள் காணப்பட்டன. 2011ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோயின் வீதம் 1993ஆம் ஆண்டின் வீதத்தைப் போல் 15 மடங்கு. ஆனால் அந்நோயால் இறப்போரின் வீதம் மாறவில்லை. கண்டுபிடிக்கப்படாதிருந்தால் எவருக்கும் எத்தீங்கும் செய்யாதிருந்திருக்கும் நுண்ணிய புற்றுநோய்களையே ஊசி தேடிப் பிடித்தது என்பது இதனாற் புலனாயிற்று. 2014ஆம் ஆண்டிலே மருத்துவர் சிலர் இதனை வெளிப்படையாகக் கூறிய பின்னர், ஓராண்டுக்குள் அந்நாட்டிற் சத்திரசிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தன.

ஜப்பானிலே கோபே நகரத்துக் கூமா வைத்தியசாலையார் 1993ஆம் ஆண்டிலேயே வேறு வழியை நாடினர். ஒரு சதமமீற்றருக்கு மேற்படாத பப்பிலரிப் புற்றுநோய் என்று ஊசி உறுதி செய்த சிலரை, வெட்டாமல் ஆண்டுதோறும் கவனித்து வந்தனர். 2014ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 1,235 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவரேனும் அப்புற்றுநோயால் இறக்கவில்லை. நோயை அறிதல் வேறு, நோய்க்குக் கத்தி வைத்தல் வேறு என்பதை இவ்வனுபவம் கற்பிக்கின்றது.

இலங்கையில் 2019ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டிலே, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் தைரொயிட்டுப் புற்றுநோய்க்கே உரியதாயிருந்தது. ஆகவே இச்சோதனையின் முன்னே அமரவேண்டிய நிலை இங்கும் பலருக்கு வருவதே. அவ்வாறு வருங்கால் நோயாளியும் சுற்றத்தாரும் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. தகட்டிற் கலங்கள் போதிய அளவு இருந்தனவா? விடை ஆறு வகுப்புகளுள் எதனைச் சார்ந்தது? ஸ்கான் படம் சொல்வதும் ஊசி சொல்வதும் ஒத்துப்போகின்றனவா? ‘தீங்கில்லாதது’ என்றால் மீண்டும் எப்போது வந்து காட்டவேண்டும்? கட்டி விரைவாகப் பருத்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்குவதிற் தடை தோன்றினாலோ, பழைய விடையை நம்பி வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

கழுத்திலே கட்டி கண்டவுடன் அஞ்சி உறக்கத்தை இழப்பதற்கும் காரணமில்லை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று கேள்விப்பட்டு வாளாவிருப்பதற்கும் காரணமில்லை. அடுக்களையிலும் அனுபவமுள்ள தாய் ஐயம் வந்தவிடத்து ஒரு பருக்கையோடு நிறுத்துவதில்லை. பானையின் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மீண்டும் எடுத்துப் பார்க்கின்றாள். அப்போதும் தெளியாவிடின், சற்றுப் பொறுத்துப் பார்க்கின்றாள். ஊசிச் சோதனையை நம்புவதற்கும் அதுவே முறையாகும்.